சோறு இருக்கிறது, உள்ளே வா

ஜனவரி 8, புதன்

வேலை உறுதியாயிற்று. பாரிசிலிருந்து ஒரு படக் கம்பெனி வந்து கடற்கரைப் பக்கம் பழைய பங்களா ஒன்றில் டேரா போட்டிருக்கிறது. பிரெஞ்சுப் படம். நம் ஊர் நடிகர்களுக்குப் பிரெஞ்சு வசனம் சொல்லிக்கொடுக்க வேண்டும். வெள்ளைக்காரர்களுக்கும் சென்னையிலிருந்து வந்திருக்கும் ஆட்களுக்கும் நடுவில் நின்று இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் தள்ளிவிட வேண்டும். பிரெஞ்சு ட்யூஷன் எடுத்து எடுத்துத் தொண்டை வறண்டு கிடந்த என்னை யாரோ கைகாட்டியிருக்கிறார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

டைரக்டர் ஒரு பெண். ஒதீல் என்று பெயர், நாற்பது வயதிருக்கும். உட்கார வைத்துக் கதை சொன்னாள். பாரிசில் போலீஸ்காரனாக இருப்பவன் அப்பா செத்த செய்தி கேட்டுப் பாண்டிச்சேரிக்கு வருகிறான். எதற்கும் நேரத்துக்கு வராத பிள்ளை, சாவுக்கும் தாமதம். வந்து பார்த்தால் ஒரு கும்பல் சவப்பெட்டியைப் பிணத்தோடு தூக்கிக்கொண்டு போய்விட்டது. பெட்டிக்குள் வைரம் இருக்கிறதாம். அதற்கப்புறம் ஆட்டோவில் துரத்தல், படகில் துரத்தல், மீன் மார்க்கெட்டில் அடிதடி.

இதில் அழுகை எங்கே மதாம் என்று கேட்டேன். கடைசியில் வரும் என்றாள்.

திரும்பும் வழியில் ஆஸ்பத்திரிக்குப் போய் என் வீட்டுக்காரருடைய ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கினேன். டாக்டரை அடுத்த வாரம் சனிக்கிழமைதான் பார்க்க முடியும். பக்கத்து வீட்டில் கேட்டதற்கு வயிற்றுப்புண் என்று சொல்லியிருக்கிறேன். சிலிண்டர் வந்துவிட்டது.

ஜனவரி 10, வெள்ளி

நடந்த கூத்தை எழுதாமல் இருக்க முடியாது. மதியம் எனக்குச் சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு இவர் மொபெட்டில் ஷூட்டிங் நடக்கும் இடத்துக்கு வந்தார். இவர் என்றால் என் வீட்டுக்காரர் அமலோர். ஞானஸ்நானப் பெயர் அமலோற்பவநாதன். மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் காவலுக்கு நின்றவன் உள்ளே விடவில்லை. இவர் விடுவாரா? கேரியரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவனை ஒரு பிடி பிடித்திருக்கிறார். மாடியிலிருந்து ஒதீல் பார்த்துவிட்டாள். கீழே ஓடிவந்து, என் படத்தின் அப்பா இவர்தான் என்றாள்.

இவருக்குப் பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது மதாம் என்றேன். ஒரே ஒரு காட்சியில் பேசினால் போதும், மற்றதெல்லாம் பெட்டிக்குள் படுத்திருப்பதுதான் என்றாள்.

இதை மொழிபெயர்த்தபோது இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பெட்டியைப் பற்றிச் சொன்னது காதிலேயே விழவில்லை. "பேசணுமா? பிரெஞ்சுலயா?" என்று இரண்டு தடவை கேட்டார். சாம்பாரை என் புடவையில் ஊற்றிவிட்டார்.

ஜனவரி 13, திங்கள். போகி

பாடம் ஆரம்பம். படத்தின் கடைசியில் வரும் பழைய நினைவுக் காட்சி அது. வெகுநாள் கழித்து வந்த பிள்ளை வாசலில் நிற்கிறான். அப்பா கதவைத் திறந்து சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: த்யு அரீவ் தார். ஆந்த்ர். இல் ரெஸ்த் த்யு ரீ. நேரம் கழித்து வந்திருக்கிறாய். உள்ளே வா. சோறு இருக்கிறது.

இவர் வாயில் அது "தூ அரீவு தாரு" என்று வருகிறது. பெற்ற பிள்ளையைப் பார்த்து யாராவது தூ என்று துப்புவார்களா என்று கேட்டேன். உதட்டைக் குவித்துச் சொல்லுங்கள் என்றால் பீடிக்கு நெருப்பு வைப்பவர் மாதிரி குவிக்கிறார். எல்லா வார்த்தைக்கும் வாலில் ஒரு 'உ' ஒட்டிக்கொள்கிறது. என் ட்யூஷன் பிள்ளையாக இருந்தால் ஸ்கேலால் ஒன்று வைத்திருப்பேன்.

ஆனால் மனிதர் விடவில்லை. குளிக்கும்போதும் சொல்கிறார், பழைய பாயைக் கொளுத்தும்போதும் சொல்கிறார். ஏன் என்று எனக்குத் தெரியும். நாலு வருஷம் முன்பு எங்கள் பிள்ளை மார்சலின் எங்களைப் பாரிசுக்கு அழைத்திருந்தான். என் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பேச்சு வரும், இவருக்கு மட்டும் வராது. சம்பந்தி வீட்டு விருந்தில் சொல்ல வேண்டும் என்று விமானத்தில் போன நேரமெல்லாம் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்தார். சொன்னார். மேஜையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். மருமகளும் சிரித்தாள். மார்சலின் இவர் தோளில் கைவைத்து, "பப்பா, நீங்க சும்மா இருங்க. நான் சொல்லிக்கிறேன்" என்றான். அதோடு இவர் சும்மா இருந்துவிட்டார். இன்றுவரை பிள்ளையோடு ஒரு பேச்சு இல்லை. அவனும் இறங்கி வரவில்லை. எல்லாம் என் வழியாகத்தான்.

"இந்தப் படம் பாரிசு தியேட்டர்ல ஓடும்ல?" என்று மாலையில் கேட்டார். ஓடும் என்றேன். "அவங்க உக்காந்து கேக்கட்டும்" என்றார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மார்சலின் போன் செய்தான். இவர் பேசவில்லை. ஆனால் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

ஜனவரி 18, சனி

டாக்டரைப் பார்த்தோம். கணையத்தில் இருக்கிறதாம். கத்தி வைக்கிற கட்டம் தாண்டிவிட்டதாம். கோடைக்கு மேல் எதுவும் சொல்ல முடியாது என்றார். சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும்? வேறு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

வெளியே வந்து இவர் கரும்புச்சாறு கேட்டார். குடிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டிருந்தார். "படத்துக்காரங்களுக்குத் தெரியக் கூடாது பிலோமி. தெரிஞ்சா வேற ஆளப் போட்டுடுவாங்க" என்றார். சரி என்றேன். "மார்சலினுக்கும் சொல்லாத. நோவுன்னு கேட்டு எரக்கப்பட்டு வர வேணாம். மொதல்ல படம் முடியட்டும்." அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. நடுரோட்டில் சண்டை போட்டேன். கடைசியில் கோயிலுக்குக் கூட்டிப்போய் லூர்து மாதா முன்னால் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஷூட்டிங் முடியும்வரை யாரிடமும் மூச்சுவிட மாட்டேன் என்று.

வீட்டுக்கு வந்து சேப்பங்கிழங்கு வறுத்தேன். இரண்டு துண்டு சாப்பிட்டார்.

ஜனவரி 22, புதன்

பெட்டிக் காட்சி எடுத்தார்கள். கோட்டு சூட்டுப் போட்டு, மூக்கில் பஞ்சு வைத்து, கையில் ஜெபமாலை சுற்றிப் படுக்க வைத்தார்கள். பவுடர் பூசவே தேவையில்லை என்று மேக்கப்காரி சிரித்துக்கொண்டே சொன்னாள். அதை நான் தமிழில் சொல்லவில்லை. மனிதர் அசையவே இல்லை. மூச்சைக்கூட எங்கேயோ ஒளித்து வைத்துக்கொண்டார். பக்கத்தில் போய் நின்று வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன்.

ஷாட் முடிந்ததும் ஒதீல் அடுத்ததற்குப் போகலாம் என்றாள். சென்னை ஆட்கள் ஒருவரும் நகரவில்லை. ஆர்ட் வேலை பார்க்கும் தணிகைதான் முன்னால் வந்தான். சாவுக் காட்சி எடுத்தால் அந்த ஆள் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதையும் படம் பிடிக்க வேண்டும், அப்போதுதான் தோஷம் போகும், அது வரை லைட்டைத் தொட மாட்டோம் என்றான். நான் பிரெஞ்சில் சொன்னேன். ஒதீல் முதலில் விழித்தாள், பிறகு கேமராவை ஓட்டச் சொன்னாள். இவர் பெட்டியில் எழுந்து உட்கார்ந்து, மூக்குப் பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வாய் நிறையச் சிரித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். கொஞ்சம் இருமல் வந்தது. தூசி.

தெருவில் ஒட்டுவதற்குக் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் வேண்டுமாம். நல்ல போட்டோ ஒன்று தணிகை கேட்டான். இவர் பர்சிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பாரிசில் போய் இறங்கிய அன்று மார்சலின் எடுத்தது. புதுக் கோட்டு, கன்னம் நிறையச் சிரிப்பு. விருந்துக்கு முந்தின நாள். அதைப் பர்சில் வைத்திருக்கிறார் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

போஸ்டரில் பெயரும் அமலோர்தான். கதையில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இவர் திரும்பிப் பார்ப்பதே இல்லை. சலித்துப்போய் ஒதீல் கதையிலேயே பெயரை மாற்றிவிட்டாள்.

ஜனவரி 23, வியாழன்

காலையில் ஆட்டோ துரத்தல் எடுப்பதாக இருந்தது. அதற்காக விடிவதற்குள் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் போஸ்டரை ஒட்டிவிட்டார்கள். கேமரா வண்டி மக்கர் செய்து ஷூட்டிங் மதியத்துக்குத் தள்ளிப்போனது. போஸ்டரைக் கிழிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

முதலில் வந்தது என் சித்தி மகள் செல்வராணி. தெருமுனையிலேயே மாரில் அடித்துக்கொண்டு, "எங்க அமலோரு மாமா போயிட்டீங்களே" என்று ஒப்பாரி வைத்தபடி வந்தாள். கதவைத் திறந்தது இவர். கையில் பல்துலக்கும் பிரஷ். அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் கட்டிலுக்கடியில் போய்ப் புகுந்துகொண்டது. பிறகு மாலையோடு மில் ஆட்கள் வந்தார்கள். கோயில் உபதேசியார் சாவு மணி அடிக்கலாமா என்று கேட்டு ஆள் அனுப்பினார். சாமியானாக்காரன் வண்டியோடு வந்து நின்றான், இன்னும் இரண்டு தெரு தள்ளி வேறு வேலை இருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள் என்று. இவர் மாலைகளை எல்லாம் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு டீ கொடுத்தார். இவ்வளவு பேர் வருவார்கள் என்று தெரியாதே என்று பூரித்துப்போனார். நானும் சிரித்து ஓய்ந்தேன்.

அப்போதுதான் போன் வந்தது. மார்சலின். யாரோ போஸ்டரைப் போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பிவிட்டார்கள். விமான நிலையத்தில் நின்றுகொண்டு, என்னோடு பேசக்கூட முடியாமல் அழுகிறான். பப்பா, பப்பா என்று அது ஒன்றுதான் வருகிறது. "டேய், ஷூட்டிங்டா. படத்துக்கு ஒட்டினது" என்று கத்தினேன். அவனுக்கு அது மண்டையில் ஏறவே நேரமாயிற்று. எடுத்துச் சொன்னேன். அழுதான், சிரித்தான், பிறகும் அழுதான்.

"பப்பா நல்லாத்தான இருக்காரு?" என்றான்.

"குத்துக்கல்லாட்டம் இருக்காரு."

"டிக்கெட் கையில இருக்கும்மா. ஏர்போர்ட் வரைக்கும் வந்துட்டேன். அப்படியே ஏறி வந்துரட்டுமா?"

நான் இவரைப் பார்த்தேன். போனில் அவன் குரல் இவருக்கும் கேட்டது. கழுத்தில் மாலையோடு நாற்காலியிலிருந்து பாதி எழுந்து என் பக்கமாகக் கையை நீட்டினார். வேண்டாம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். சத்தியம் இருக்கிறதே. "இப்ப எதுக்குடா லீவப் போட்டுக்கிட்டு? ஈஸ்டருக்கு வா, நல்லா பத்து நாள் இரு" என்றேன். சரிம்மா என்றான். வைத்துவிட்டேன்.

"வச்சிட்டியா?" என்று கேட்டார் இவர்.

மதியம் துரத்தல் நன்றாக வந்தது. ஆட்டோ கவிழ்ந்த ஷாட்டில் கதாநாயகனுக்குப் பதில் குதித்த சென்னைப் பையன் ஒரு கீறல்கூட இல்லாமல் எழுந்தான்.

ஜனவரி 24, வெள்ளி

மாலைகளை எடுத்துக் குப்பையில் போட மனசு வரவில்லை. மாதா படத்துக்குப் போட்டேன். மல்லி பொடி அரைக்க வேண்டும்.

ஜனவரி 30, வியாழன்

கதவுக் காட்சி. காலையிலிருந்து இவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குடித்தால் வயிற்றில் நிற்காது. என்னிடம் மட்டும், "இடுப்புக் கயித்த இறுக்கிக் கட்டு" என்றார். வேட்டி நிற்கமாட்டேன் என்கிறது.

ஒதீல் பொறுமைசாலி. முதல் தடவை வசனம் மறந்தது. அப்புறம் காக்கை. அப்புறம் பால்காரன் மணி. அப்புறம் எல்லாம் சரியாக வந்தும் சவுண்ட் பார்ப்பவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தலையை ஆட்டினார், குரல் மேலே வரவில்லை என்று. இவருக்கு என்னவென்று சொல்வேன்? இன்னும் சத்தமாகச் சொல்லச் சொல்கிறார்கள் என்றேன். சொன்னார். நிலைக்கதவைப் பிடித்திருந்த கை நடுங்கியது. அதை நடிப்பு என்று நினைத்து ஒதீல் என் தோளை அழுத்தினாள்.

கடைசித் தடவை. பிள்ளையாக நடிப்பவன் வாசலில் நின்றான். இவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "தூ அரீவு தாரு" என்றார். கொஞ்ச நேரம் சும்மா நின்றார். "ஆந்தரு" என்று சொல்லிவிட்டுக் கதவை விட்டு விலகி வழிவிட்டார். அது நான் சொல்லிக்கொடுத்ததில்லை. "இல்லு ரெஸ்து தூ ரீ." அந்த வெள்ளைக்காரப் பையன் உள்ளே வரும்போது அழுதுவிட்டான். கதைப்படி அவன் அழக் கூடாது. ஒதீல் அதையே வைத்துக்கொண்டாள்.

உச்சரிப்பைத் திருத்தட்டுமா என்று கேட்டேன். தொடாதே என்றாள். அந்த மனிதனின் பிரெஞ்சு அது, அவர் வீட்டுக்குள் அவர் பேசுவது என்றாள். அதைத் தமிழில் சொன்னபோது இவர் தலைகுனிந்து வேட்டி முனையை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 6, வியாழன்

ஷூட்டிங் முடிந்தது. பூசணிக்காய் உடைத்தார்கள். வெள்ளைக்காரர்கள் ஆளுக்கொரு துண்டை எடுத்துச் சமைக்கலாமா என்று கேட்டார்கள். இவர் வரவில்லை, படுத்திருந்தார். சத்தியம் இன்றோடு தீர்ந்தது.

பிப்ரவரி 15, சனி

ஆஸ்பத்திரியில் ஒரு வாரம். வயிற்றிலிருந்து தண்ணீர் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மார்சலினைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். "ஈஸ்டருக்குத்தான் வரானே. வேலையக் கெடுக்காத" என்றார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார். போனை எடுத்தேன், வைத்தேன். என்னவென்று ஆரம்பிப்பது? அன்று குத்துக்கல் என்று சொன்ன வாயால்?

ரசத்தில் உப்பு கூடிவிட்டது.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். சாமியார் வீட்டுக்கே வந்து நெற்றியில் சாம்பல் வைத்தார். மண்ணாக இருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய் என்று அவர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. வேறு வீட்டில் போய்ச் சொல்லக் கூடாதா?

மார்சலினுக்குப் போன் செய்தேன். கொஞ்சம் முன்னாடியே வர முடியுமாடா என்றேன். "ஏம்மா, மறுபடியும் ஷூட்டிங்கா?" என்று கிண்டல் செய்தான். "பப்பா கூப்பிட்டாரா?" என்று கேட்டான். அந்தக் குரலில் கிண்டல் இல்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இல்லடா, நான்தான் கேட்டேன் என்றேன். மாசக் கடைசியில் பார்க்கிறேன் என்றான். பிடிவாதத்தில் அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. இவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஒருவேளை தூங்கவில்லையோ என்னவோ.

மார்ச் 7, வெள்ளி

விடியும்போது போய்விட்டார். நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 8, சனி

ஒருவரும் வரவில்லை. என் பாவத்தை நான் யாரிடம் சொல்லி அழுவேன்.

நேற்று செல்வராணி புருஷன்தான் போஸ்டர் அடிக்க ஓடினார். கடைக்காரரிடம் தணிகை கொடுத்த போட்டோ கம்ப்யூட்டரிலேயே இருந்தது. தேதியை மட்டும் மாற்றி அடித்துக் கொடுத்துவிட்டார். அதே கோட்டு, அதே சிரிப்பு, அதே பெயர். அதே சுவர்களில் ஒட்டினார்கள். ஊரே பார்த்தது, பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனது. படக்காரன் திரும்ப வந்திருக்கிறான் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்களாம். சாமியானாக்காரன் போனிலேயே, "இந்தத் தடவை ஏமாற மாட்டேங்கா" என்றான். மில் ஆட்கள் வரவில்லை. அன்றைக்கு இவர் கையால் டீ குடித்துவிட்டுப் போனவர்கள்.

மார்சலினுக்கு நான் சொல்வதற்கு முன்னால் செல்வராணி மகள் போஸ்டரை அனுப்பியிருக்கிறாள். கண்ணில் நீர்வரச் சிரிக்கும் பொம்மை முகத்தைப் பதிலுக்கு அனுப்பினான். இன்னுமா இது சுத்துது என்று எழுதினான். அப்புறம் வேலைக்குப் போய்ப் போனை அணைத்துவிட்டான். நான் அவனைப் பிடித்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. "மார்சலின், இது ஷூட்டிங் இல்லடா" என்றேன். அவனுக்குப் பின்னால் ரயில் போகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறோம்.

மார்ச் 9, ஞாயிறு

வந்தான். டாக்சியிலிருந்து இறங்கி, பையைத் தோளிலிருந்து எடுக்காமல் வாசலில் நின்றான். உள்ளே காலெடுத்து வைக்க மாட்டேன் என்கிறான். யாராவது வா என்று சொல்வதற்குக் காத்திருக்கிறவன் மாதிரி. சொல்ல வேண்டிய மனிதர் கூடத்தில் படுத்திருக்கிறார். மூன்று நாளாக அடுப்புப் பற்றவைக்காத வீடு. சோறு இருக்கிறது என்று சொல்ல என்னிடம் சோறுகூட இல்லை. நான் போய் அவன் கையைப் பிடித்து இழுத்துவந்தேன்.

"எனக்கு ஏம்மா சொல்லல?" என்று கேட்டான். அவர்தான் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கினார் என்றேன். அது பொய்யில்லை.

நாலு மணிக்குப் பெட்டியில் வைத்தார்கள். மூக்கில் பஞ்சு, கையில் ஜெபமாலை, எல்லாம் அன்றைக்கு மாதிரியே. மூடியை எடுத்தபோது சுற்றிலும் பார்த்தேன். தணிகை இல்லை, யாரும் இல்லை. எழுந்து சிரிக்கச் சொல்ல ஓர் ஆள் இல்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். மார்சலின் முப்பதாம் நாள் பூசைவரை இருந்துவிட்டுப் போன வாரம்தான் திரும்பினான். போன் செய்தான், வாழ்த்துச் சொன்னான், வைத்தான்.

மே 14, புதன்

ஒதீல் பாரிசிலிருந்து கூப்பிட்டாள். இவர் காலமான அன்றே நான் அவளுக்குச் செய்தி எழுதியிருந்தேன். சுற்றிவளைத்துப் பேசினாள், பிறகு விஷயத்துக்கு வந்தாள். கதவுக் காட்சியில் சத்தம் பதிவாகவில்லையாம். மூச்சுத்தான் கேட்கிறதாம், வார்த்தை கேட்கவில்லையாம். எதையெதையோ செய்து பார்த்தார்களாம். இவர் இருந்திருந்தால் திரும்பப் பேசவைத்துச் சேர்த்திருப்பார்கள். வேறு நடிகரைப் போட அவளுக்கு மனமில்லை. அடக்கத்தன்று உங்கள் பிள்ளை போனில் என்னோடு பேசினான் ஃபிலோமின், ஒரு நொடி அமலோர் என்றே நினைத்தேன், அவனைக் கேட்கட்டுமா என்றாள்.

பாரிசு தியேட்டரில் எல்லோரும் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று இந்த மனிதர் எத்தனை பாடுபட்டார். கடைசியில் அதுவும் போயிற்று.

மே 17, சனி

மார்சலின் கூப்பிட்டான். முடியாது என்று ஒதீலிடம் சொல்லிவிட்டானாம். "பப்பா வாயில நான் எப்படிம்மா பேசுவேன்? அவர வாயைத் திறக்காதீங்கன்னு சொன்னவன் நான்" என்றான். சரிடா, உன் இஷ்டம் என்றேன். வைக்கப் போனவன், "ஒண்ணு கேக்கணும்" என்றான். "அன்னைக்கு ஏர்போர்ட்லேருந்து வரட்டுமான்னு கேட்டேன்ல. பப்பா பக்கத்துலதான இருந்தாரு? என்ன சொன்னாரு?"

இங்கே ஒரு தடவை எழுதியிருக்கிறேன், கையை நீட்டினார், வேண்டாம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன் என்று. வேண்டாம் என்கிற கை எப்படி இருக்கும் என்று முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்த எனக்குத் தெரியாதா? உள்ளங்கை மேலே பார்த்து இருந்தது. விரல் விரிந்திருந்தது. போனைக் கொடு என்றுதான் நீட்டினார். நாலு வருஷ ரோஷத்தை விழுங்கிவிட்டு, பிள்ளையோடு பேச எழுந்தார். பேசினால் அழுதுவிடுவார், அழுதால் எல்லாம் வெளியே வந்துவிடும், படம் கைவிட்டுப் போகும், அவ்வளவு ஆசைப்பட்டதும் போகும் என்று எனக்கு அந்த ஒரு நொடியில் தோன்றியது. அதனால் நானே ஈஸ்டருக்கு வா என்று சொல்லி வைத்துவிட்டேன். வச்சிட்டியா என்று கேட்டாரே, அந்தக் கேள்வி என் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

"போனைக் கேட்டாருடா. நான் குடுக்கல" என்றேன்.

அவன் போனை வைத்துவிட்டான்.

மே 28, புதன்

பதினோரு நாளாக அவனிடமிருந்து ஒன்றும் இல்லை. இன்று காலை ஒரு ட்யூஷன் பிள்ளை வந்தது, திருப்பி அனுப்பிவிட்டேன். மதியம் அரைப்படி அரிசி போட்டுவிட்டேன், பழக்க தோஷம். ஒருத்திக்கு எதற்கு அவ்வளவு?

சாப்பிட உட்காரும்போது போன். மார்சலின். ஒலிப்பதிவுக்கூடத்திலிருந்து இப்போதுதான் வெளியே வருகிறேன் என்றான். போனாயா என்றேன். போனேன் என்றான்.

முதலில் அவன் பேசுகிற பிரெஞ்சிலேயே சொன்னானாம், சுத்தமாக. ஒதீல் வேண்டாம் என்று தலையசைத்தாளாம், திரையில் இருக்கும் வாயோடு ஒட்டவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தானாம், பப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதை, விலகி வழிவிடுவதை. எதிரில் நிற்கிறவன் நான்தான் என்று தோன்றிவிட்டதும்மா என்றான். அப்புறம் பப்பா நாக்கை வைக்கிற மாதிரி நாக்கை வைத்து, பப்பா மூச்சு வாங்குகிற இடத்தில் மூச்சு வாங்கிச் சொன்னானாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவரும் சிரிக்கவில்லையாம்.

சொல்லிக் காட்டுடா என்றேன்.

தெருவில் நின்றுகொண்டிருக்கிறான், வண்டிச் சத்தம் கேட்டது. ஒரு நிமிஷம் தொண்டையைச் செருமினான். பிறகு என் காதுக்குள் இவர் பேசினார்.

"தூ அரீவு தாரு." சற்றுப் பொறுத்து, "ஆந்தரு. இல்லு ரெஸ்து தூ ரீ."

"இதோ வரேங்க" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கம் மார்சலின் அழ ஆரம்பித்தான். நான் போனை வைக்கவில்லை. அவன் அழுது முடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். சோறு ஆறிப்போயிற்று, பரவாயில்லை.